நாவலடி பஸ்ஸில் நாற்பத்துநான்கு துண்டுகள்

அறுபதாவது இதழ் வந்து சேர்வதற்குள் ஆவரங்குளத்தில் நாற்பத்துநான்கு ஆம்பளைகளின் தோள் வெறுந்தோளாகிவிட்டது. ஆட்கள் இருந்தார்கள், தோள்கள் இருந்தன, துண்டுகள்தான் இல்லை. அந்தத் துண்டுகள் அத்தனையும் விரல் நகம் அளவுக்குச் சுருங்கி, ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் நாவலடியில், என் சின்னம்மா ஜெயக்கொடியின் தையல் மேசைமேல் நின்ற ஒன்றரை முழ நீளப் பொம்மை பஸ்ஸில், ஆளுக்கொரு சீட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தன.

இதை ஊரில் செய்வினை என்கிறார்கள், எங்கள் பக்கத்தில் சாமி என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம், பார்சல்களைச் சுமந்துகொண்டு பாலத்தைக் கடந்தவள் நான் என்பது. ஆகவே செவ்வந்தி என்கிற என்னைச் சந்தேகப்படுகிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. நானும் யாரையும் விட்டுவைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறவளுக்குச் சந்தேகப்படுவது பாடத்திட்டம்.

முன்பெல்லாம் பதினான்காம் நம்பர் பஸ் டவுனிலிருந்து கிளம்பி, ஆவரங்குளம் ஊரைத் தாண்டி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, எங்கள் நாவல் மரத்தடிவரை வந்து திரும்பும். வண்டி திரும்புகிற இடத்தில் ஏறுகிறவர்களுக்குத்தானே உட்கார இடம் கிடைக்கும்? எங்களுக்குக் கிடைத்தது. ஊருக்குள் நுழைவதற்குள் சீட்டெல்லாம் நிறைந்துவிடும். ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து பார்ப்பார்கள், அது எங்கள் மடியில் வந்து விழும், நாங்கள் எடுத்துத் திருப்பிக் கொடுப்போம், அவர்கள் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே டவுன்வரை நின்றுகொண்டே வருவார்கள். எத்தனை நாள்தான் நிற்பார்கள்? நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனு போனது. ஓடைப் பாலம் பலவீனமாக இருக்கிறது, பஸ்ஸின் கனம் தாங்காது, பயணிகளின் உயிரை முன்னிட்டு வண்டியை ஊர்க் கோயிலோடு திருப்ப வேண்டும் என்று. முதல் கையெழுத்து, பஞ்சாயத்தில் பெரிய குரலுள்ள துரைப்பாண்டியுடையது. மறுமாதத்திலிருந்து வண்டி கோயிலோடு திரும்பிவிட்டது. மணல் ஏற்றிய டிப்பர்கள் அன்றும் இன்றும் அதே பாலத்தில் தடதடவென்று போகின்றன. பாலத்துக்கு மணல் கனமில்லை, நாங்கள்தான் கனம்.

நாங்கள் இரண்டு கிலோமீட்டர் நடந்துபோய்க் கோயிலில் ஏறி நின்றுகொண்டு போகக் கற்றுக்கொண்டோம். சின்னம்மாவால் நடக்க முடியாது. இளம்பிள்ளை வாதத்தில் வலதுகால் சூம்பியவள். மிதிக்கிற மெஷின் ஆகாதென்று கையால் சுற்றுகிற மெஷினில் தைப்பவள். பஸ் நின்ற நாளிலிருந்து அவள் நாவலடியை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவை, அதுவும் காய்ச்சலில், ஆட்டோவில் படுத்துக்கொண்டு. "அவசரத்துக்கு ஆட்டோ இருக்குடி, ஆசைக்கு ஆட்டோ ஏது" என்பாள். அவளுடைய ஆசை பெரிய ஆசையில்லை. டவுன் கடைத்தெருவில், நூல்கண்டுகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, துணியை நூலோடு வைத்துப் பார்த்து, தன் கையால் நிறம் எடுக்க வேண்டும். நான்கு வருஷமாக நாங்கள் வாங்கி வருவதெல்லாம் தப்பான நிறம். அரக்கு என்றால் மெரூன், கிளிப்பச்சை என்றால் பாசிப்பச்சை. "படிச்சு என்னத்துக்குடி, கண்ணு தெரியலயே ஒனக்கு" என்பாள்.

அப்படி நான் வாங்கிவந்த ஒரு மெரூன் நூல்கண்டு டப்பாவுக்குள்தான் அந்தக் குலுக்கல் சீட்டு இருந்தது. முதல் பரிசு மிக்ஸி. எங்களுக்கு விழுந்தது இரண்டாம் பரிசு. 'நம் பேருந்து' என்கிற மாதமிருமுறை இதழ், அறுபது இதழும் இலவசமாக. இதழுக்கு இதழ் ஒரு பிளாஸ்டிக் உறையில் சில பாகங்கள். அறுபதும் சேர்ந்தால், அச்சு அசலாக ஒரு டவுன் பஸ், கதவு திறக்கும், விளக்கு எரியும். எனக்கு முதல் நாளே சந்தேகம். இலவசமாக எவன் பஸ் கொடுப்பான்? நிஜ பஸ்ஸையே பிடுங்கிக்கொண்ட உலகத்தில்?

தபால்காரர் பாலத்தைக் கடப்பதில்லை. அதற்குப் பாலத்தின் பலவீனம் காரணம் இல்லை, வழக்கம் காரணம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊர்த் தபால் நிலையத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். முதல் இதழில் ஸ்டீயரிங் வந்தது, இரண்டாவதில் முன்விளக்கு, மூன்றாவதில் ஒரே ஒரு டயர். செய்முறையை யார் தமிழில் எழுதினார்களோ, 'திருகாணியை நட்போடு இறுக்கவும்' என்று போட்டிருந்தது. சின்னம்மா நட்போடு இறுக்கினாள். பித்தான் தைக்கிற விரல்கள், ஊசிக் காதில் நூல் கோக்கிற கண், சட்டைக் காலரைத் திருப்புகிற சின்ன இடுக்கி, இவை போதுமானதாக இருந்தன. அடிச்சட்டம் எழுந்தது, என்ஜின் உட்கார்ந்தது, பக்கத் தகடுகள் நின்றன, நாவலடியே சாயங்காலம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. இருபத்தோராவது இதழில் சீட்டுகள் வர ஆரம்பித்தன.

முதல் சீட்டை, டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம் பொருத்தினாள். சோற்றுப்பானையை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், அந்தச் சீட்டின்மேல் ஒரு துண்டு கிடந்தது. வெள்ளை, பச்சைக் கரை, ஒரு மூலையில் பீடி சுட்ட ஓட்டை. ஓட்டை குண்டூசி முனை அளவு.

"சின்னம்மா, இது என்ன?"

அவள் குனிந்து பார்த்துவிட்டு, "யாரோ சீட்டுப் போட்டிருக்காங்கடி" என்றாள், பால் பாக்கெட் வந்திருக்கிறது என்கிற மாதிரி.

பீடி சுட்ட பச்சைக் கரை யாருடையது என்று தெரியாதவர்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை. துரைப்பாண்டியுடையது. அன்று மத்தியானமே ஊரிலிருந்து சேதி வந்தது. துரைப்பாண்டி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதே தோளிலிருந்த துண்டு காணாமல் போய்விட்டதாம், பெஞ்சுக்கு அடியிலெல்லாம் தேடினார்களாம். அடுத்த இதழில் இரண்டு சீட்டு, இரண்டு துண்டு. அதற்கடுத்ததில் மூன்று. ஒவ்வொரு சீட்டைப் பொருத்தியதும், அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்துக்குள், ஊரில் ஒரு தோள் வெறுந்தோளாகும், இங்கே ஒரு சீட்டுப் பிடிபடும். அத்தனையும் ஊர்க்காரர்கள் துண்டு. ஒரு துண்டுகூட, ஒரு கைக்குட்டைகூட, எங்கள் பக்கத்து ஆளுடையது இல்லை.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது. நிஜ பஸ்ஸைத்தான் எடுத்துக்கொண்டார்கள், பொம்மை பஸ்ஸிலுமா? எங்கள் வீட்டில், எங்கள் மேசையில், கால் விளங்காத ஒருத்தி கண் வலிக்க வலிக்கக் கோத்த பஸ்ஸில், ஒருவரும் ஏறாமலே முதல் ஆளாகத் துண்டு போடுகிற திமிரை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? 'மகளிர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டுகளிலும் ஆம்பளைத் துண்டு! இடுக்கியால் பன்னிரண்டு துண்டையும் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் பன்னிரண்டும் மடிப்புக் கலையாமல் அதனதன் இடத்தில் கிடந்தன.

"ஏ புள்ள, துண்டு மேல கை வைக்காத" என்றார் சூசை மாமா, வாசல்படியில் நின்றபடி. இருபது வருஷம் டவுன் பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்கியவர். கூட்டமான பஸ்ஸில் டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாக ஏறி, அடுத்தவர்களுக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தவர். துண்டுச் சட்டத்தில் அவரைவிடப் பெரிய வக்கீல் எங்கள் தாலுகாவில் கிடையாது.

"ஏன் மாமா? நம்ம பஸ்."

"எவன் பஸ்ஸா இருந்தா என்ன? துண்டு போட்டா போட்டதுதான். போட்டவன் வந்து உக்காந்துதான் எடுக்கணும். நீ எடுத்தா அது திருட்டு."

"வராமலே இருந்தா?"

"வண்டி நகர்ற வரைக்கும் அவன் சீட்டு. நகர்ந்துருச்சுன்னா யார் சீட்டும் இல்ல. அதுதான் சட்டம்."

"பொம்மை பஸ் எங்க மாமா நகரப் போகுது?"

"அது ஒன் சின்னம்மாகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சின்னம்மாவிடம்தான் கேட்டேன். அவள்மேல்தான் என் முதல் சந்தேகம். தையற்காரி, கையில் வெட்டுத்துணி, பொழுதுபோகாத நான்கு வருஷம். ஒரு நாள் அவளுடைய வெட்டுத்துணிக் கூடையைக் கொட்டி, துண்டு துண்டாக எண்ணி வைத்துவிட்டுப் போனேன், ஒன்றும் குறையவில்லை. இன்னொரு நாள் பஸ்ஸை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பல்கலைக்கழகத்துக்கே எடுத்துப் போனேன். வந்து திறந்தால், காலையில் பொருத்திய சீட்டில் தபால் நிலைய குமாஸ்தாவின் ஊதாக் கட்டம் போட்ட துண்டு. ஒரு துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மில் ஓரம், தையலே இல்லை, நெய்த இழை. இத்தனை மெல்லிய இழையை நெய்கிற தறி உலகத்தில் இல்லை.

"நான் தைக்கலடி" என்றாள் சின்னம்மா, சிரிக்காமல். "தைச்சிருந்தா ஓரம் இன்னும் சுத்தமா இருக்கும்."

என்னைச் சந்தேகப்பட்டவள் இட்லிக்கடை அந்தோணியம்மா. "பார்சல் வாங்கப் போறப்ப ஊர்க் கொடியில காயிற துண்டெல்லாம் ஒன் பைக்குள்ள போவுதாக்கும்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள்.

"தோள்ல இருக்கிற துண்டு எப்படி அத்தை என் பைக்குள்ள வரும்?"

"நீ பேசுற பேச்சுக்குத் தோளே கழண்டு வரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அன்றிரவு என் பையை ஒருமுறை உதறிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாவலடி இதைப் பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாதத்தில் அதிசயம் அலுத்துப்போய்விட்டது. பெண்கள் கோழியின் இறகு முனையால் துண்டுகளில் தூசி தட்டினார்கள். பிள்ளைகள் 'இது மளிகைக்கடைக்காரர், இது பம்புசெட்டுக்காரர்' என்று வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். யாராவது ஊரிலிருந்து திரும்பினால், "பாவம், வெயில்ல தோள் கறுத்துப்போச்சு" என்று பரிதாபப்பட்டார்கள். பரிதாபம்! எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் கால் வைத்ததும் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அந்த வழக்கம் போய் ஐம்பது வருஷம் ஆகிறது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் சூசை மாமா பாலத்தில் நடக்கும்போது பாருங்கள், பாதிப் பாலத்தில் அவர் கை தானாகத் தோளுக்குப் போகும், போய்விட்டு வெட்கப்பட்டுத் திரும்பும். அந்தக் கைக்காக யாராவது பரிதாபப்பட்டார்களா?

ஊர் பழகிக்கொள்ளவில்லை. புதுத்துண்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள், முட்டைமேல் போட்ட துணி மாதிரி வழுக்கி விழுந்தது. ஊசி குத்திப் பார்த்தார்கள், ஊசியோடு விழுந்தது. கோயிலில் பரிவட்டம் கட்டும்போது, பஞ்சாயத்தில் பேச எழுந்திருக்கும்போது, கை சும்மா தோளைத் தேடித் தேடித் திரும்பியது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன இடத்தில் சமையல்காரர்கள் என்று நினைத்துப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்வி. ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, இரண்டு வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. கடைசியில் எல்லாச் சந்தேகமும் ஒன்றாகச் சேர்ந்து ஓடைப்பக்கம் திரும்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் திரண்டு வந்து பாலத்தின் அந்த முனையில் நின்றது. இந்தப் பக்கம் ஒருவரும் கால் வைக்கவில்லை. சின்னம்மாவுக்குப் பதிலாக நான் போய்ப் பாலத்தின் நடுவில் நின்றேன்.

"ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ" என்றார் துரைப்பாண்டி. துண்டில்லாமல் அவர் ஒரு சாண் குறைந்துபோயிருந்தார். "அந்த நொண்டிக்குச் சொல்லக் கூடாதா? செய்வினை செஞ்சா செஞ்சவங்க மேலதான் திரும்பும்."

"அவங்க பேரு ஜெயக்கொடி. அவங்க ஒண்ணும் செய்யல. உங்க துண்டுதான் எங்க பஸ்ல வந்து சீட்டுப் பிடிச்சிருக்கு. பிடிக்கச் சொன்னது யாரு?"

"திருப்பிக் குடுத்துருங்க."

"எடுத்தா கையில நிக்க மாட்டேங்குதுங்க, சீட்டுக்கே போயிருது. போட்டவங்க வந்து உக்காந்து எடுத்துக்கணும்."

"பொம்ம பஸ்ல எப்படிம்மா உக்கார்றது?"

"அப்ப நிஜ பஸ்ஸை நாவலடிக்கு விடச் சொல்லுங்க. மனு எழுதத் தெரிஞ்சவங்கதானே நீங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல், "பாலம் தாங்காதுல்ல?" என்றது. சொல்லி வாயை மூடவில்லை, மணல் டிப்பர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, அவர்களை இரண்டாகப் பிளந்து, என்னைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டவைத்து, பாலத்தைக் கடந்து போனது. தூசி அடங்கியதும் ஊர் ஒவ்வொருவராக வந்த வழியே திரும்பியது.

நாற்பத்துநான்கு சீட்டும் நிரம்பின. கண்ணாடிகள் வந்தன, கதவு வந்தது, கூரை வந்தது. ஐம்பத்தொன்பதாவது இதழில் மணிக்கயிறு வந்தது. மிச்சம் இருந்தது அறுபதாவது இதழ் ஒன்றுதான். அதில் என்ன வரும் என்று ஐம்பத்தொன்பதின் பின்னட்டையில் போட்டிருந்தது. பெயர்ப்பலகை. வெற்றுப் பலகையும் எழுத்து ஸ்டிக்கர்களும். 'உங்கள் பேருந்து எங்கே போக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்!'

அந்த இதழ் வரவில்லை.

ஒரு மாதம் போனது. "வரல" என்றார் தபால் நிலைய குமாஸ்தா, என் முகத்தைப் பார்க்காமல், துண்டில்லாத தோளைச் சொறிந்துகொண்டு. எனக்குச் சந்தேகமே இல்லை, அதாவது முழுச் சந்தேகம். ஐம்பத்தொன்பது பார்சல் ஒழுங்காக வந்து அறுபதாவது வராமல் போவதற்கான சாத்தியக்கூறு எவ்வளவு என்று என்னால் தசமத்தில் சொல்ல முடியும். பலகை ஊரில் யார் வீட்டிலோ இருந்தது. பலகையை வைத்திருக்கிறவன் பஸ்ஸை வைத்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த மாதத்தில் சின்னம்மா தைத்த ஜாக்கெட்டுகளில் மூன்று, இடக்கையும் வலக்கையும் மாறி வந்தன. வாழ்நாளில் அவள் கை மாற்றித் தைத்தவள் இல்லை. ஒரு மத்தியானம், நூல் போடாத மெஷினைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள்.

"விடு சின்னம்மா. வெறும் பொம்மை."

"பொம்மைன்னு எனக்குத் தெரியாதாடி?" என்றாள். "இதாவது கெளம்பும்னு பாத்தேன்."

ஆவணி பிறந்தது. ஆவணியில் துரைப்பாண்டியின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவன், மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொள்ளும்போது தோளில் துண்டோடு நிற்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணி, நாய்கூட நிழலை விட்டு நகராத வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. எங்கள் வாசலில் செருப்புச் சத்தம். துரைப்பாண்டி. கையில் பிரிக்காத பார்சல். நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். அறுபது வயதில் அவர் பாலத்தைக் கடந்தது அதுதான் முதல் தடவை. பாலம் தாங்கியது.

"வாங்கய்யா" என்றாள் சின்னம்மா. பிறந்ததிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். "உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பஸ்ஸையே பார்த்தார். முதல் சீட்டில் பீடி சுட்ட பச்சைக் கரை. கதவு வழியாகச் சுட்டுவிரலை விட்டு, அவ்வளவு மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எடுக்கிற மாதிரி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கையை மூடினார். திறந்தார். கை காலி. துண்டு சீட்டில் கிடந்தது.

"தபால்ல மாறி என் வீட்டுக்கு வந்துருச்சு" என்று பார்சலை நீட்டினார்.

"அப்படியா?" என்றேன் நான். "மேல எழுதியிருக்கிற ஜெயக்கொடிங்கிற பேரைத் தாண்டியா மாறி வந்துச்சு?"

"சும்மா இரு செவ்வந்தி" என்றாள் சின்னம்மா. பார்சலைப் பிரித்தாள். உறையைக் கிழித்தாள். சீக்கிரம் இல்லை, கத்தரிக்கோலால், நேர்கோட்டில்.

"ஆவரங்குளம்னு ஒட்டு" என்றார் துரைப்பாண்டி. கெஞ்சல் மாதிரி தொடங்கிய குரல் பாதியில் பழைய குரலாகிவிட்டது.

சின்னம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து ஒட்டினாள். ஊர்க்காரர்கள் எங்களைக் 'காலனி' என்பார்கள், அரசாங்கத் தாளிலும் அதுதான். பழைய பதினான்காம் நம்பர் பஸ்ஸின் நெற்றியில் மட்டும்தான் எங்கள் நிஜப் பெயர் எழுதியிருந்தது. அதையே ஒட்டினாள். நாவலடி. பலகையை நெற்றியில் பொருத்தினாள். நட்போடு இறுக்கினாள்.

துரைப்பாண்டி அதைப் படித்தார். வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை ஏழு பத்துக்குப் பதினான்காம் நம்பர் பஸ் பாலத்தைத் தாண்டி வந்து நாவல் மரத்தடியில் வட்டமடித்து நின்றது. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, டிரைவர் உட்பட. "கோயில்கிட்ட ஸ்டீயரிங் திரும்பல, நேரா வந்துட்டேன்" என்றார், இஞ்சி டீ கிடைக்குமா என்று கேட்கிற குரலில். சின்னம்மா நான்கு வருஷத்துக்கு முன்னால் மடித்துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஏறிப் பார்த்தால், நாற்பத்துநான்கு சீட்டிலும் நாற்பத்துநான்கு துண்டு. விரல் நகம் அளவில்லை, முழுத் துண்டு, பச்சைக் கரை, ஊதாக் கட்டம், எல்லாம்.

"யாரும் உக்காராதீங்க" என்றார் கண்டக்டர் பிச்சைமணி, பதறிப்போய். "இதெல்லாம் ஊர்க்காரங்க துண்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் சூசை மாமா முன்னால் வந்துவிட்டார். "வண்டி எப்ப எடுக்கும்?"

"ஏழு இருபது."

"அப்ப பத்து நிமிஷம் அவங்க சீட்டு. போன் போட்டு வரச் சொல்லுங்க. வந்து உக்காந்தா நாங்க நிக்கிறோம். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

போன் போனது. ஏழு பதினைந்துக்குப் பாலத்தின் அந்த முனையில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. நாங்கள் பார்க்கிறோம், அவர்கள் பார்க்கிறார்கள். நடுவில் நாற்பதடிப் பாலம். இந்தப் பக்கம் வந்தால் துண்டு, சீட்டு, கௌரவம் எல்லாம் இருக்கிறது. ஆனால் காலனிக்குள் வந்து பஸ் ஏறினான் என்ற பேச்சும் இருக்கிறது. துரைப்பாண்டி முன்வரிசையில் நின்றார். நேற்று மத்தியானம் அதே பாலத்தில் நடந்த கால்கள்தான். யாரும் பார்க்காதபோது தாங்கிய பாலம், எல்லோரும் பார்க்கும்போது தாங்கவில்லை. இரண்டு கல்லூரிப் பையன்கள் மட்டும் பைக்கைச் சாத்திவிட்டு ஓடிவந்து, அப்பன் பெயரைச் சொல்லித் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஏழு இருபதுக்கு டிரைவர் கியரைப் போட்டார்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. "நகர்ந்துருச்சு!" என்று கத்தினார் சூசை மாமா.

பிச்சைமணி நாற்பத்திரண்டு துண்டையும் வரிசையாக எடுத்துத் தன் தோளில் அடுக்கிக்கொண்டார். சின்னம்மா டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சூம்பிய காலை நீட்டிவைக்க இடமிருந்தது. கையில் ஒரு சின்ன வெட்டுத்துணி வைத்திருந்தாள், அரக்கு நிறம்.

மறுநாளும் பஸ் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, இன்றுவரை வருகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. தினமும் ஏழு மணிக்கே போய் மரத்தடியில் நின்று பாலத்தையே பார்க்கிறேன். புது மனு ஏதாவது போயிருக்கிறதா என்று மாதாமாதம் விசாரிக்கிறேன். மேசையிலிருக்கிற பஸ்ஸின் பலகை யாராலும் கழற்றப்படவில்லையே என்று தொட்டும் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எங்கள் பக்கத்தில் பிறந்திருந்தால் நீங்களும் பார்ப்பீர்கள்.

அந்த முதல் நாள், கோயில் நிறுத்தத்தில் ஊர் ஏறியது. நெரிசல். பிச்சைமணி ஆளாளுக்குத் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். துரைப்பாண்டி நெட்டித் தள்ளப்பட்டு எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் துண்டு. வண்டி குலுங்கியது, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தால்தான் நிற்க முடியும். தோளில் போட்டால் கூட்டம் இழுத்துக்கொண்டு போகும். என்ன செய்வதென்று தெரியாமல், யோசிக்காமல், அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

சூசை மாமா அதைப் பார்த்தார். நான் பார்த்தேன். ஒரு கேலி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சின்னம்மா கையை நீட்டினாள். நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வதில்லையா, அப்படி.

"குடுங்கண்ணே. நான் மடியில வச்சிருக்கேன்."

ஐயா இல்லை. அண்ணே. துரைப்பாண்டி வெளியே பார்த்தார், கூரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அக்குளைத் தளர்த்தித் துண்டைக் கொடுத்தார்.

அவள் அதை நாலாக மடித்தாள். பீடி சுட்ட ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"டவுன்ல நூல் எடுக்கத்தான் போறேன்" என்றாள். "பச்சை எடுத்து இந்த ஓட்டையையும் தைச்சுத் தரவா?"

நடுவில் நாலு நிறுத்தத்தில் உட்கார இடம் காலியானது. டவுன்வரை துரைப்பாண்டி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.